ஜெர்மன் வேலைச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றக் கொடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஜெர்மனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா என்று அடுத்த வேலை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையை விட்டு வரும்போது கம்பெனி எழுதித் தரும் சான்றிதழை (இங்கே சொய்க்னிஸ் என்பார்கள்) ஆங்கிலத்தில் மாற்ற, இணையத்தில் கண்ணில் பட்ட ஏஜென்சியிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றிய ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. அதே விளம்பரத்தோடு இன்னும் பல பேர் கடை விரித்திருக்கிறார்கள், அதனால் பெயரைவிட விவரம்தான் உங்களுக்கு உதவும்.

சொய்க்னிஸ் சாதாரணக் காகிதம் இல்லை. தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109-ஆம் பிரிவின்படி அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. எழுதுவது உண்மையாகவும் இருக்க வேண்டும், ஊழியரின் எதிர்காலத்தைக் கெடுக்காதபடி நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலை. யாரையும் வெளிப்படையாகத் திட்ட முடியாது என்றானதும், திட்டுவதற்கென்றே ஒரு மரியாதையான பாஷை பிறந்துவிட்டது. "எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி அளிக்கும்படி வேலை செய்தார்" என்றால் முதல் தர மதிப்பெண். அதில் "மிக" போனால் இரண்டாவது. "எப்போதும்" என்பதும் போனால் மூன்றாவது. வெறுமனே "எங்களுக்குத் திருப்தி" என்றால் ஏதோ தேறினார். "முயற்சி செய்தார்" என்று எழுதியிருந்தால் ஆள் ஒன்றுக்கும் உதவவில்லை என்று பொருள். "முழு" என்ற சொல்லுக்கு மேல் ஒரு "மிக முழு" எப்படி வரும் என்று ஜெர்மன் இலக்கணக்காரர்களே தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் ரேங்க் அந்தத் தப்பான சொல்லுக்குத்தான். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்த பெண்ணின் வழக்கு கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனது. "எப்போதும்" இல்லாத "முழுத் திருப்தி" சராசரி மதிப்பெண்தான், அதற்கு மேல் வேண்டும் என்கிற ஊழியர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2014-இல் தீர்ப்பு வந்தது.

இப்போது இதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் என்ன ஆகும்? ஆங்கிலக்காரர் காதில் "சாட்டிஸ்ஃபாக்டரி" என்பது பாராட்டே இல்லை. இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு அந்தச் சொல்லை ஒரு தரமாகவே வைத்திருந்தது. 2012-இல் அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் "முன்னேற்றம் தேவை" என்று போட்டார்கள். ஜெர்மனியில் உச்சத்தில் இருக்கிற வாக்கியம், கடல் தாண்டியதும் "பரவாயில்லை" ஆகிவிடுகிறது.

நான் பர்மிங்காம் பக்கம் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தேன். ஏஜென்சி மூன்று விஷயங்களைச் சொல்லிக் கூடுதல் பணம் வாங்கியது: மொழிபெயர்ப்பவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தவர், ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி, இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்ப்பார். அப்புறம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பை உறையிட்டு நாங்களேதான் நேரடியாக அனுப்ப வேண்டும், அதுதான் விதி என்றார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. மொழிபெயர்ப்பு நம் கண்ணில் படாமல் போக வைக்கிற வழி அது. அதன் நகல் என் கைக்கு வரும் முன்பே மொழிபெயர்ப்பு பர்மிங்காமுக்குப் போய்விட்டது.

சொய்க்னிஸோடு என் பழைய மேலாளர் மனதார எழுதிய ஒரு பரிந்துரைக் கடிதமும் இருந்தது. அவர் தெற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதிக்காரர், பேசுவது போலவே எழுதுவார். "இந்தத் துறையில் அவர் பழைய முயல்" என்று ஒரு வரி. அனுபவசாலி என்று அர்த்தம். அடுத்து, "இவரோடு சேர்ந்து குதிரை திருடலாம்". நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்போமே, அதுதான். ஏஜென்சியின் ஆங்கிலத்தில் நான் "ஓல்ட் ராபிட்" ஆகியிருந்தேன். அடுத்த வரியில் "ஒன் கேன் ஸ்டீல் ஹார்ஸஸ் வித் ஹிம்". தலைப்பில் "சொய்க்னிஸ்" என்பதற்கு "டெஸ்டிமனி", ஏதோ கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன மாதிரி.

வீடியோ அழைப்பில் அந்த கம்பெனியின் ஹெச்.ஆர். அம்மா குதிரையைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார். அது பரவாயில்லை, அசடு வழிந்து சமாளித்தேன். அதற்கடுத்த கேள்விதான் வயிற்றைப் பிசைந்தது. "உங்கள் வேலை திருப்தி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லையா?"

ஏஜென்சிக்கு எழுதினேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல் விசுவாசம் வேண்டும், நாங்கள் அதைத்தான் செய்தோம் என்று பதில் வந்தது. இதில் பாதிதான் உண்மை. மொழிபெயர்ப்பாளர் இஷ்டத்துக்கு மெருகேற்ற முடியாது, சரி. ஆனால் பொருள் மாறிப்போனால் அது எந்த ஊர் விசுவாசம்? விளக்கம் தேவைப்படும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று அடியில் எழுத வழி இருக்கிறது. சந்தேகம் வந்து, அதே ஜெர்மன் வாக்கியங்களை ஒரு இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். காற்புள்ளி உட்பட அதே ஆங்கிலம். பழைய சோற்றை வாழை இலையில் வைத்து விருந்துக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் முத்திரையைக் கவனித்தேன். அழகான நீல வட்டம், நடுவில் ஏஜென்சியின் சின்னம். ஒரு மனிதர் பெயர்கூட இல்லை. ஜெர்மனியில் நீதிமன்றம் சத்தியம் வாங்குவது ஆளிடம்தான், கம்பெனியிடம் இல்லை. உண்மையான முத்திரையில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்கும். கூடவே, இது முழுமையானது, சரியானது என்று அவர் கையெழுத்திட்ட வரியும் இருக்கும். மாநில நீதித்துறைகள் சேர்ந்து நடத்தும் யுஸ்டிட்ஸ்-டோல்மெட்ஷர் என்ற பொதுப் பட்டியலில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பெயரை முன்கூட்டியே சொல்ல மறுக்கும் ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள். இதில் இன்னொரு கூத்து: பிரிட்டனில் இந்தச் சத்தியப்பிரமாண முறையே கிடையாது. "ஆங்கிலேய முதலாளிகள் கட்டாயம் கேட்பார்கள்" என்று சொல்லி வாங்கிய கூடுதல் பணமும் தண்டம்.

பணம் பறிபோனால் சும்மா இருக்க வேண்டியதில்லை. இங்கே மொழிபெயர்ப்பு என்பது ஒரு பணியை முடித்துக் கொடுப்பதற்கான ஒப்பந்தத்தில் அடங்கும், ஜெர்மன் சிவில் சட்டம் 631-ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது அது. குறையை எழுத்தில் சொல்லி, திருத்தித் தரக் கெடு வைக்க வேண்டும். கெடு தாண்டினால் விலையைக் குறைக்கவோ ஒப்பந்தத்தையே விடவோ வழி உண்டு. தொலைபேசியில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. நான் கெடு வைத்து எழுதியதும் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். அடுத்த ஆர்டராம்!

பட்டியலிலிருந்து ஒரு பெண்மணியைப் பிடித்து மறுபடி செய்யக் கொடுத்தேன். வேலையைத் தொடங்கும் முன்பே, கடிதம் யாருக்குப் போகிறது, எந்த நாட்டுக்கு என்று கேட்டார். முயல் "ஓல்ட் ஹேண்ட்" ஆனது. குதிரை இருந்த இடத்தில் "ரிலை ஆன் ஹிம் த்ரூ திக் அண்ட் தின்" வந்தது. திருப்தி வாக்கியத்தை மூலத்துக்கு நெருக்கமாகவே விட்டுவிட்டு, ஜெர்மன் சான்றிதழ் வழக்கில் இதுவே மிக உயர்ந்த மதிப்பீடு என்று அடிக்குறிப்பு போட்டார். பர்மிங்காமுக்கு அதை அனுப்பியபோது அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள்.

ஏஜென்சி பாதிப் பணத்தைத் திருப்பியிருக்கிறது. மீதிக்காக நுகர்வோர் ஆலோசனை மையத்தில் பேசிவிட்டு இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அவர்கள் விளம்பரம் மட்டும் அந்த மூன்று வாக்குறுதிகளோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.