18 நாளா, 15 வாரமா? கார்னெல் கல்லூரியும் அயோவா பல்கலைக்கழகமும்

2023 வசந்தத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு அனுமதிக் கடிதங்கள் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தன. ஒன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அயோவா சிட்டியில் இருக்கும் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இன்னொன்று மவுண்ட் வெர்னன் என்ற சின்ன ஊரின் கார்னெல் கல்லூரியிலிருந்து. நாங்கள் இருப்பது சீடர் ராபிட்ஸில், இரண்டுமே காரில் அரை மணி நேரம்தான். மகள் கார்னெல்லுக்குப் போனாள், இரண்டு வருடம் முடித்துவிட்டாள். இந்த வருடம் எங்கள் தமிழ்ச் சங்கத்திலேயே மூன்று வீட்டுக்காரர்கள் இரண்டில் எதில் சேர்ப்பது என்ற இதே கேள்வியோடு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொன்னதை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பெயர்க் குழப்பம். கார்னெல் என்றதும் திருச்சியில் என் மாமியார் தெரு முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டார். அவர் நினைத்தது நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகம். இது அது இல்லை. இந்தக் கல்லூரி 1853இல் தொடங்கியது, பல்கலைக்கழகம் 1865இல்தான் வந்தது. இரும்பு வியாபாரி வில்லியம் வெஸ்லி கார்னெல் பெயர் இதற்கு, அவருடைய தூரத்து உறவினர் எஸ்ரா கார்னெல் பெயர் அதற்கு. பெயரிலேயே வெஸ்லி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள், ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் அடையாளம் அது. ஜார்ஜ் போமன் என்ற மெதடிஸ்ட் போதகர் குதிரையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், இந்த மேட்டின் உச்சியில் இறங்கி மண்டியிட்டு, இங்கே ஒரு கல்விச்சாலை வரவேண்டும் என்று ஜெபித்தாராம். அப்படித்தான் அங்கே கதை சொல்கிறார்கள். கல்லூரியை இன்னும் "ஹில்டாப்" என்றுதான் அழைக்கிறார்கள். சமவெளி மாநிலத்தில் அந்த மேடு தூரத்திலிருந்தே தெரியும், கிங் சேப்பல் என்ற கல்லூரித் தேவாலயத்தின் மணிக்கூண்டோடு சேர்த்து.

யாழ்ப்பாணத்து வேம்படி மகளிர் பள்ளி, சென்னை ராயப்பேட்டை வெஸ்லி பள்ளி என்றால் நம்மவர்களுக்கு உடனே பிடிபடும். அதே மெதடிஸ்ட் மரபின் அமெரிக்கக் கிளைதான் இது. "பைபிள் வகுப்பு கட்டாயமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகணுமா?" என்றுதான் மாமியார் அடுத்துக் கேட்டார். எங்கள் அனுபவத்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. கல்லூரிக்கென்று ஒரு சாப்ளின், அதாவது மதகுரு, இருக்கிறார், எந்த மதத்துப் பிள்ளையும் போய்ப் பேசலாம். என் மகள் கிங் சேப்பலுக்குள் போனதெல்லாம் பெரும்பாலும் கச்சேரி கேட்கத்தான். சபையின் தடம் வேறு விதத்தில் தெரிகிறது. 1858இலேயே ஒரு பெண்ணுக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். 1871இல் ஹாரியட் குக் என்ற அம்மையாரை முழுப் பேராசிரியராக்கி, ஆண்களுக்குச் சமமான சம்பளமும் கொடுத்திருக்கிறார்கள். அயோவா பல்கலைக்கழகத்துக்கும் இதில் பெருமை உண்டு. ஆண், பெண் இருவரையும் சமமாகச் சேர்த்த முதல் அரசுப் பல்கலைக்கழகம் அதுதான், 1855இல்.

எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அயோவாவில் 30,000க்கு மேல் மாணவர்கள், கார்னெல்லில் ஆயிரத்துச் சொச்சம். அங்கே கின்னிக் மைதானத்தில் கிட்டத்தட்ட 69,000 பேர் பல்கலைக்கழக அணியான ஹாக்ஐஸின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்ப்பார்கள். முதல் கால் பகுதி முடிந்ததும் அத்தனை பேரும் திரும்பி, பக்கத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்துக் கையசைப்பார்கள். ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுக் கண் கலங்கி வந்தேன். இங்கே கார்னெல்லும் கோ கல்லூரியும் மோதும் அமெரிக்கக் கால்பந்தாட்டம் 1891இலிருந்து நடக்கிறது, கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும். (கோவும் எங்கள் பட்டியலில் இருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் என்பதாலேயே மகள் அடித்துவிட்டாள்.) அயோவாவில் முதல் வருடத்துக்குப் பிறகு பெரும்பாலானோர் வெளியே வீடு எடுத்துக்கொள்கிறார்கள். கார்னெல்லில் பெரும்பாலும் வளாகத்திலேயேதான் தங்க வேண்டும். மருத்துவமனை, ஆராய்ச்சிக் கூடங்கள், உலகம் முழுவதிலிருந்தும் எழுத்தாளர்கள் வந்து தங்கும் எழுத்துத் திட்டம் என்று அயோவாவிடம் இருப்பதில் பாதிகூட இங்கே கிடையாது. இதில் வாதாட ஒன்றும் இல்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம், பாடம் நடத்தும் முறை.

கார்னெல்லில் செமஸ்டர் கிடையாது. 1978இலிருந்து ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாடம்தான். அதைப் "பிளாக்" என்கிறார்கள். ஒரு பிளாக் 18 வகுப்பு நாள், அதாவது மூன்றரை வாரம். திங்கள்கிழமை தொடங்கும், நாலாவது வாரம் புதன்கிழமை பரீட்சையோடு முடியும். அடுத்த திங்கள் வரை விடுமுறை, பிறகு அடுத்த பாடம். வருடத்துக்கு இப்படி எட்டு பிளாக். பெரும்பாலும் காலை 9 முதல் 11, மதியம் 1 முதல் 3 என்று வகுப்பு இருக்கும். ஒரு வகுப்பில் 25 பேரைத் தாண்டுவதில்லை.

கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் இது பிள்ளையின் நாளையே மாற்றிப்போடுகிறது என்று புரிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அயோவாவில் பொறியியல் படிக்கிறான், கெட்டிக்காரன். அக்டோபரில் ஒரே வாரத்தில் கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் தேர்வு வந்தது. எதற்கு முதலில் படிப்பது என்று திட்டம் போடுவதிலேயே அவனுக்குப் பாதி ராத்திரி போனதாக அவன் அம்மா சொன்னார். என் மகளுக்கு உயர்நிலைப் பள்ளியில் இதுதான் பெரிய வாதையாக இருந்தது. ஆறு பாடத்தில் ஐந்தை நன்றாகச் செய்வாள், ஆறாவதை மறந்துவிடுவாள். ஒன்றில் இறங்கினால் வெளியே வரத் தெரியாது அவளுக்கு. அதைக் குறையென்று நாங்கள் திட்டிக்கொண்டே இருந்தோம். அதையே பலமாக வைத்துக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது என்று அந்த வசந்தம் வரை எங்களுக்குத் தெரியாது.

முதல் வருட அக்டோபரில் மண்ணியல் பாடம் எடுத்திருந்தாள். பத்து நிமிடத் தூரத்தில் சீடர் ஆற்றங்கரையில் பாலிசேட்ஸ் கெப்ளர் பூங்கா இருக்கிறது, செங்குத்தான பாறைச் சரிவுகளோடு. 40 கோடி வருடத்துக்கும் முன்னால் இந்த மாநிலம் கடலுக்கடியில் கிடந்தபோது படிந்த சுண்ணாம்பு வகைப் பாறை அது. காலையில் வேனில் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மதியம் வேறு வகுப்பு இருக்கிறது என்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, யாருக்கும் வேறு வகுப்பே இல்லையே. பூங்காவிலிருந்து கல் எடுத்து வரக் கூடாது. அவள் கொண்டுவந்தது ஈரச் சேறு ஒட்டிய நோட்டுப் புத்தகம் மட்டும்தான். அதில் ஒரு பக்கம் முழுக்கக் கடல் அல்லி என்ற பழங்காலக் கடல் உயிரின் புதைபடிவத் தண்டுத் துண்டுகளை, பொத்தான் பொத்தானாக, பக்கத்தில் அளவு குறித்து வரைந்திருந்தாள். அந்தப் பக்கத்தை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பள்ளியில் அவள் எந்தப் பாடத்துக்கும் இப்படி ஒரு பக்கம் வரைந்ததில்லை. பிளாக் முழுவதையும் வேறு ஊரிலேயே நடத்துவதும் உண்டு. பஹாமாஸ் தீவுக்குப் போய் மண்ணியல் படித்துவிட்டு வருகிறார்கள். செமஸ்டரில் நாலு பாடம் கையில் இருக்கும்போது இதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இதன் மறுபக்கம்தான் முக்கியம், பெற்றோர் பலர் இதைக் கேட்பதே இல்லை. 18 நாளில் ஒரு நாள் போனால் என்ன ஆகும்? 15 வார செமஸ்டரில் வாரம் மூன்று வகுப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45. அதை 18 நாளில் அடைக்கும்போது ஒரு நாள் என்பது இரண்டரை வகுப்பு, கிட்டத்தட்ட ஒரு வாரப் பாடம். முதல் வருடம் இரண்டாவது பிளாக், புள்ளியியல். ஒன்பதாவது நாள் மகளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. ரசம் எடுத்துக்கொண்டு போனேன். போர்வைக்குள்ளிருந்து, "அம்மா, நான் ரெண்டு வாரம் பின்னாடி இருக்கேன்" என்று அழுதாள். பேராசிரியர் அவளை மூன்று மதியம் தன் அறையில் உட்காரவைத்து, விட்டுப்போன பாடத்தையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் அந்த மாதம் இந்த ஒரு வகுப்புதான், அதனால் முடிந்தது. தப்பித்தாள், பி பிளஸ். ஆனால் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் பிள்ளை, மைக்ரேன் வரும் பிள்ளை, டிசம்பரில் ஊர்க் கல்யாணத்துக்கு நடுவில் பத்து நாள் போயே ஆக வேண்டிய குடும்பம் என்றால் நான் தயங்காமல் செமஸ்டரைத்தான் சொல்வேன். அயோவாவில் ஒரு வாரம் போனால் சமாளித்துவிடலாம். இங்கே ஒரு வாரம் போனால் அந்தப் பாடத்தையே விட்டுவிட வேண்டி வரலாம்.

இன்னொரு சங்கடம் இடைவெளி. ஸ்பானிஷ் ஒரு பிளாக் படித்தாள், அடுத்த ஸ்பானிஷ் கிடைத்தது மூன்று பிளாக் தள்ளி. நடுவில் பாதி மறந்துபோச்சு. மொழிக்கும் கணக்குக்கும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக, பல மாதம் ஊறவைப்பதுதான் நல்லது என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. பிடிக்காத பாடம் வந்தால் மூன்றரை வாரமும் காலை, மதியம், ராத்திரி அதேதான். ஆனால் நாலாவது புதன்கிழமை அது முடிந்துவிடும், இது ஒரு நிம்மதி.

சரி, பணம். அச்சிட்ட கட்டணத்தைப் பார்த்தால் தனியார் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும் தைரியம் யாருக்கும் வராது. அதைப் பார்த்துப் பயந்து ஓடாதீர்கள், ஸ்காலர்ஷிப் கடிதம் வரும் வரை காத்திருங்கள். அயோவாவாசிகள் தனியார் கல்லூரியில் படித்தால், வருமானத்தைப் பொறுத்து மாநில அரசே அயோவா டியூஷன் கிராண்ட் கொடுக்கிறது. எல்லாம் கழித்த பிறகும் எங்களுக்கு அயோவா பல்கலைக்கழகத்தைவிட வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் கூடத்தான் ஆகிறது. பிரிவு, சேமிப்பு, மதிப்பெண்ணைப் பொறுத்து உங்கள் கணக்கு வேறாக இருக்கும்.

உண்மையில் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அந்த வருடம் மார்ச் கடைசியில், நாங்கள் முடிவெடுக்க வேண்டிய அதே வாரங்களில், அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் மூடப்போவதாக அறிவித்தார்கள். 1842இல் தொடங்கியது. அயோவா சிட்டிக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில், மவுண்ட் பிளெசன்ட் ஊரில் இருந்தது. அதுவும் மெதடிஸ்ட் சபையோடு சேர்ந்ததுதான். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வான் ஆலன் 1935இல் பட்டம் வாங்கியது அங்கேதான், பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானார். அப்படிப்பட்ட இடம் மே மாதத்தோடு பூட்டப்பட்டது. என் கணவர் அன்றிரவு கார்னெல் கடிதத்தை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துவிட்டார். மறுநாள் மகள் அதைத் திரும்ப வெளியே எடுத்து வைத்தாள்.

அதன் பிறகு நாங்கள் செய்ததை நீங்களும் செய்யுங்கள். லாப நோக்கற்ற கல்லூரிகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 எல்லோரும் பார்க்கக்கூடியது. நாலைந்து வருடத்துப் படிவங்களை எடுத்து வரவு, செலவு, கடன் மூன்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். அந்த வருடங்களில் மாணவர் எண்ணிக்கை எப்படிப் போகிறது என்று பாருங்கள். சேர்க்கை அலுவலகத்திலேயே நேரே கேளுங்கள். நாங்கள் கேட்டோம், முகம் சுளிக்காமல் உட்காரவைத்துப் பேசினார்கள். வெஸ்லியனுக்கு மத்திய விவசாயத் துறையிடம் சுமார் 26 மில்லியன் டாலர் கடன் இருந்தது. அப்படி ஒரு சுமையை கார்னெல் படிவங்களில் நாங்கள் பார்க்கவில்லை, அதனால் துணிந்தோம். இருந்தாலும் அமெரிக்காவில் சின்னக் கல்லூரிகள் வருடா வருடம் மூடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2024இல் அலபாமாவின் பர்மிங்ஹாம் சதர்ன், அதுவும் மெதடிஸ்ட் கல்லூரிதான், மூடப்பட்டது. பாதியில் கதவு சாத்தப்படும் பயம் இவ்வளவு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அநேகமாகக் கிடையாது. அந்த விஷயத்தில் அயோவாவுக்குத்தான் முழு மார்க்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்ல இன்னும் இரண்டு வருடம் ஆகும். பொறியியல், நர்சிங் என்று முடிவோடு இருக்கும் பிள்ளைக்கு அயோவாவே சரி என்றுதான் நான் சொல்லிவருகிறேன். என்ன படிப்பது என்றே தெரியாத, ஆனால் பிடித்ததில் முழுசாக மூழ்கிவிடும் பிள்ளை என்றால் கார்னெல்லுக்கு ஒரு தடவையாவது கூட்டிப்போங்கள்.

போகும்போது விருந்தினர் நாளில் போகாதீர்கள். ஒரு பிளாக்கின் இரண்டாவது வாரத்தில், சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் போங்கள். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு காலை 9 மணி வகுப்பில் பிள்ளையை மட்டும் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் கோல் நூலகத்துக்குப் போங்கள். அது கல்லூரிக்கும் ஊருக்கும் பொதுவான நூலகம். ஒரு மேசையில் மாணவர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள், நாலடி தள்ளி ஒரு பாட்டி பேரனுக்குப் படக்கதை வாசித்துக்கொண்டிருப்பார். 11 மணிக்குப் பிள்ளை வெளியே வரும்போது எதுவும் கேட்காமல் சாப்பிடக் கூட்டிப்போங்கள். என் மகள் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல், வகுப்பில் கேட்டதையே முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.