வீட்டுக்கு ஒரு சிறிய தையல் எந்திரம்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

மின்சாரத்தில் இயங்கும் சிறிய தையல் எந்திரம் ஒன்றை நாங்கள் வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. தூக்கி மேசைமேல் வைத்துத் தைத்துவிட்டு மறுபடியும் அலமாரிக்குள் வைத்துவிடக்கூடிய வகை அது. எடை 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நேர்த்தையல், வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையல், காஜா எடுக்கும் வசதி, பின்னோக்கித் தைக்க ஒரு நெம்புகோல், இவற்றோடு நான் இதுவரை தொட்டே பார்க்காத பதினாறு அலங்காரத் தையல்கள். இதே அமைப்புள்ள எந்திரங்கள் பல பெயர்களில் விற்கப்படுவதாலும், பின்னால் சொல்லப்போகும் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றாததாலும், பெயரைத் தவிர்த்துவிட்டு எந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கடையில் வாங்குவதைவிட மலிவாகத் தைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு இதை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆலையில் நூற்றுக்கணக்கான துணிகளை அடுக்கி ஒரே வெட்டில் வெட்டித் தைக்கிற தலையணை உறையோடு, ஒற்றை உறைக்காகத் துணி வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, அளந்து வெட்டுகிற நம்மால் விலையில் போட்டியிட முடியாது. எங்கள் வீட்டில் இந்த எந்திரம் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது கடையில் கிடைக்காத அளவுகளால்தான். எங்கள் வீட்டு மனிதர்களின் பழக்கங்களுக்கு மட்டுமே பொருந்துகிற, வேறு யாருக்கும் பயன்படாத சின்னச் சின்னப் பொருள்களை எந்தக் கடையும் தைத்து வைத்திருக்காது.

எடுத்துக்காட்டாக அம்மாவின் மூக்குக் கண்ணாடியைச் சொல்கிறேன். நள்ளிரவில் எழுந்தால் கண்ணாடியைத் தேடிப் பக்கத்து மேசையைத் துழாவுவார். தண்ணீர்க் குவளை உருளும். பிறகு வீடே விழித்துக்கொள்ளும். தலையணை உறையின் ஓரத்திலேயே ஒரு பை வைத்துவிட்டால் போதும் என்று எண்ணி, 10 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பை ஒன்றைத் தைத்தேன். முதல் இரவே அது தோற்றது. அம்மா இரவில் தலையணையைத் திருப்பிப் போடும் பழக்கம் உள்ளவர் என்பது, இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கண்ணாடி அவர் கன்னத்தின் கீழ் மாட்டிக்கொண்டது. அடுத்த முயற்சியில் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டையான துணியை மெத்தைக்கு அடியில் செருகி, வெளியே தொங்கும் நுனியில் பையை வைத்தேன். கை தானாகப் போய்விழும் உயரத்தில் அது தொங்குகிறது. பையின் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க, மடித்த ஓரத்துக்குள் தடித்த நாடா ஒன்றை வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. மொத்தத் தையல் நேரம் அரை மணிகூட இருக்காது. ஆனால் அந்த அரை மணிக்கு முன்னால் அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார், எந்தக் கையை நீட்டுகிறார் என்றெல்லாம் கவனிக்க வேண்டியிருந்ததே, அதை எந்த எந்திரத்தின் சிறப்பம்சப் பட்டியலிலும் போட மாட்டார்கள்.

இனி எந்திரத்துக்கு வருகிறேன். 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற எந்திரத்தில் இருந்த அடிப்படை ஏற்பாடு, அதாவது நுனியில் துளையுள்ள ஊசி மேல்நூலைத் துணிக்கு அடியில் கொண்டுசெல்ல, கீழ்நூல் அந்த வளையத்துக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு, இன்றும் மாறவில்லை. இரண்டு நூல்களும் துணியின் தடிமனுக்குள் நடுவில் சந்திக்க வேண்டும். மேல்நூல் தளர்ந்தால் அடிப்பக்கம் கண்ணி கண்ணியாகத் தொங்கும், இறுகினால் கீழ்நூல் மேலே எட்டிப் பார்க்கும். புதிதாகத் தைப்பவர்களை அழவைப்பது இந்த இடம்தான். முதல் வாரத்தில் துணிக்கு அடியில் குருவிக் கூடு போல நூல் சுருண்டுகொண்டபோது, கீழே சிக்குவதால் கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினில்தான் பிழை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் பிழை மேலே இருந்தது. துணியை அமுக்கும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு இடையே போகாமல் வெளியே நழுவி நிற்கும். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நூல் கோக்க வேண்டும் என்ற ஒரு வரியைக் கையேடு 23ஆம் பக்கத்தில், படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டிய வரி அது.

பாபின் மேலிருந்து இறக்கும் வகை. அதன் மூடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் என்பதால் எவ்வளவு நூல் மீதமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே தைக்கலாம். நீண்ட திரைச்சீலையின் ஓரம் அடிக்கும்போது பாதி வழியில் நூல் தீர்ந்து வெறும் ஊசித் துளைகளாகவே இரண்டு முழம் ஓடிவிட்ட அனுபவம் உள்ளவர்கள் இந்த மூடியின் அருமையை அறிவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் பாபின்கள் உயரத்தில் சிறிதளவு வேறுபடுவதுண்டு. அந்தச் சிறு வேறுபாடே தையலைக் கெடுக்கப் போதுமானது. எந்திரத்தோடு வந்த வகையையே கேட்டு வாங்குவது நல்லது.

ஊசி விஷயத்தில் பலர் காட்டும் சிக்கனம் எனக்கு விளங்குவதே இல்லை. எந்திரத்தை வாங்கச் செலவழித்துவிட்டு, அதில் மிகக் குறைந்த விலையுள்ள பாகத்தை ஒடியும்வரை மாற்றாமல் ஓட்டுவார்கள். ஊசியின்மேல் 90 என்று பொறித்திருந்தால் அதன் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்று பொருள். பழைய கணக்கில் அதுவே 14ஆம் எண். நடுத்தரப் பருத்தித் துணிக்கு 80 அல்லது 90, தடித்த ஜீன்ஸ் துணிக்கு 100. பனியன் போல் இழுபடும் துணிக்கு நுனி உருண்டையான ஊசி வேண்டும். கூரான ஊசி அந்தப் பின்னலின் இழையைக் கிழிக்கும், இல்லாவிட்டால் தையலைத் தாண்டித் தாண்டிப் போகும். என் மகனின் பழைய பனியன்களை வெட்டி மென்மையான கைத்துடைப்பான்கள் தைத்தபோது ஒரு மாலை முழுவதும் தையல் தாண்டிக்கொண்டே இருந்தது. எந்திரம் பழுதென்றே முடிவுகட்டிவிட்டேன். ஊசியை மாற்றியதும் சரியாகிவிட்டது.

மகனின் கால்சட்டை முழங்கால்கள்தான் இந்த எந்திரத்துக்கு அதிக வேலை கொடுப்பவை. முன்பக்க மேடையைக் கழற்றினால் குறுகலான கை போன்ற பகுதி மட்டும் மிஞ்சும், சட்டைக் கை, கால்சட்டைக் கால் போன்றவற்றை அதில் மாட்டித் தைக்கலாம் என்று பெட்டியில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். பெரியவர்களின் உடைக்கு அது உண்மை. ஏழு வயதுச் சிறுவனின் கால்சட்டைக் கால் அதில் முழங்கால்வரை ஏறவே ஏறாது. பக்கவாட்டுத் தையலை ஒரு சாண் பிரித்து, துணியைத் தட்டையாக விரித்து, கிழிசலின்மேல் ஒட்டுத் துணியை வைத்து அதன் விளிம்பு முழுவதும் நெருக்கமான ஜிக்ஜாக் ஓட்டி, பிறகு பக்கவாட்டை மறுபடியும் மூடுவதுதான் வழி. ஒட்டின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்து வெட்டினால் பிய்ந்துவராது. ஒட்டின் நிறம் கால்சட்டையோடு ஒத்துப்போக வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருக்க, அவன் தெரியட்டும் என்று ஆரஞ்சு நிறத் துணியை எடுத்துக் கொடுத்தான். இப்போது ஒட்டில்லாத கால்சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

தடித்த துணியில் எந்திரத்தின் எல்லை தெரிந்துவிடுகிறது. ஜீன்ஸின் அடி மடிப்பைத் தைக்கும்போது பக்கவாட்டுத் தையல் குறுக்கிடும் இடத்தில் எட்டு மடிப்புவரை சேர்ந்துவிடுகிறது. பாதம் மேட்டில் ஏறும்போது சாய்ந்து, அடியில் உள்ள பற்கள் துணியை நகர்த்த முடியாமல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கிறது. பாதத்தின் பின்புறம் மடித்த அட்டை ஒன்றை வைத்து மட்டம் செய்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, பக்கச் சக்கரத்தைக் கையால் நம்மை நோக்கி மெதுவாகச் சுழற்றி அந்த நான்கைந்து தையல்களைக் கடத்தினால் போகும். மாதம் ஒரு முறை இப்படிச் செய்யலாம். வாரந்தோறும் கூடாரத் துணியும் பைகளும் தைக்க எண்ணுகிறவர்கள் கனத்த எந்திரமாகப் பார்க்க வேண்டும். காஜா எடுப்பது நான்கு கட்டமாக நடக்கிறது. மெல்லிய சட்டைத் துணியில் ஒழுங்காக வருகிறது, தடித்த கோட்டுத் துணியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நெருக்கத்தில் வருவதில்லை. ஊசியில் நூல் கோக்கும் சிறு கொக்கி மூன்றாம் மாதமே வளைந்துவிட்டது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய குறை பெடல். மெதுவாக அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, சற்றுக் கூட அழுத்தினால் திடீரென்று பாயும். வளைவுகளில் இது பெருந்தொல்லை. ஐந்தாம் மாதத்தில் பெடல் முழுவதும் செயலிழந்தபோது உத்தரவாதத்தின் பேரில் அனுப்பிவைத்தோம். என்ன பழுது என்று ஒரு வரிகூட எழுதாமல், 19 நாள்கள் கழித்து அதே பெட்டியில் திருப்பி அனுப்பினார்கள். வேலை செய்கிறது, பாய்ச்சல் மட்டும் போகவில்லை. இரவில் தைப்பவர்கள் ஓசையையும் கணக்கில் கொள்ள வேண்டும்: எந்திரம் அவ்வளவு சத்தம் போடுவதில்லை, ஆனால் மேசை அதிர்கிறது. நான்காக மடித்த துண்டை அடியில் விரித்ததும் பக்கத்து அறையில் தூங்குபவர்களின் முறையீடு நின்றது.

பெடலின் இந்தப் பாய்ச்சலுக்குப் பயந்து பதினோரு வயது மகளை எந்திரத்தின் பக்கம் விட முதலில் தயங்கினேன். பிறகு பழைய முறை ஒன்றைக் கையாண்டேன்: நூல் கோக்காமல், கோடு போட்ட தாளைப் பாதத்துக்கு அடியில் வைத்து, கோட்டின்மேலேயே துளைகள் விழுமாறு ஓட்டச் சொல்வது. தாள் ஊசியை மழுக்கும் என்பதால் கழித்துப்போட்ட ஊசியை அதற்கு வைத்திருக்கிறேன். நேர்க்கோடு, பிறகு சதுரம், பிறகு வட்டம் என்று பத்துப் பன்னிரண்டு தாள்களைத் துளைத்த பின்னர், தம்பியின் சதுரங்கக் காய்களுக்குச் சுருக்குப் பை ஒன்று தானே தைத்தாள். அடித்தையலைத் தொடங்கிய இடத்திலும் முடித்த இடத்திலும் பின்னோக்கி இரண்டு மூன்று தையல் போட்டுப் பூட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முடித்த இடத்தில் மறந்துவிட்டாள். சில நாள்களில் அந்த மூலை விரல் நுழையும் அளவுக்கு விட்டுப்போய், கறுப்புச் சிப்பாய் ஒன்று காணாமல் போனது. மூலையை அவளே மறுபடியும் தைத்து மூடினாள். சிப்பாயின் இடத்தில் இப்போது கோட்டுப் பொத்தான் ஒன்று ஆடுகிறது, அது எட்டாவது கட்டத்தை அடைந்து ராணியாகும்போது மட்டும் இருவருக்கும் சண்டை வருகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து, தையல் வகைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம் என்பதே. நேர்த்தையலின் நீளத்தையும் ஜிக்ஜாக்கின் அகலத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா, பாதத்தை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகத் தூக்க முடிகிறதா, பெடலை மிக மெதுவாக அழுத்தும்போது ஒவ்வொரு தையலாக இறங்குகிறதா என்று கடையிலேயே தைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். நான் மூன்றாவதைப் பார்க்காமல் வாங்கியவள். எந்திரத்தோடு சேர்த்துத் துணி வெட்ட மட்டும் ஒரு கத்தரிக்கோலும், தையல் பிரிக்கும் சிறு கத்தியும் வாங்கிவிட வேண்டும். இரண்டாவதன் தேவை முதல் நாளே புரிந்துவிடும். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன்பே ஒரு முறை நனைத்துக் காயவைக்க வேண்டும். திரைச்சீலையாக இருந்தால் ஓரம் அடிக்காமல் இரண்டு நாள் தொங்கவிட்டு, துணி தன் எடையில் இறங்கி நின்ற பிறகு அடி மடிப்பை அளப்பது நல்லது.

பெடலுக்காக ஐந்தில் ஒரு புள்ளியையும், நூல் கோக்கும் கொக்கிக்கும் உத்தரவாதச் சேவைக்கும் சேர்த்து அரைப் புள்ளியையும் குறைத்து, இந்த எந்திரத்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். இன்றைக்கு அதில் 90ஆம் எண் ஊசியும் நீல நூலும் கோத்திருக்கின்றன. கட்டிலின் மறுபக்கத்திலும் ஒரு பை தொங்கினால் தொலைக்காட்சி ரிமோட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா நேற்றுச் சொன்னார். அளவு எடுக்க ரிமோட்டைக் கேட்டால், அதைத்தான் காலையிலிருந்து எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.