அப்டேட் நாளில் எது கைகொடுக்கும்? ப்ரோமிதியஸ், விக்டோரியாமெட்ரிக்ஸ், டைம்ஸ்கேல் ஓர் அலசல்

ப்ரோமிதியஸ், விக்டோரியாமெட்ரிக்ஸ், டைம்ஸ்கேல் போன்ற காலத்தொடர் டேட்டாபேஸ் (நேரக் குறியோடு வரும் அளவீடுகளைச் சேமிப்பது) ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நொடிக்கு எத்தனை லட்சம் பதிவுகள் தாங்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஓராண்டு ஓட்டியவர்களுக்கு வேறு கவலை. பக் ஃபிக்ஸை எப்படி ஏற்றுவது, சரிப்படாவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டா, பழைய டேட்டா சொன்ன நாளில் டிஸ்கை விட்டுப் போகுமா?

ப்ரோமிதியஸில் ஏறக்குறைய 6 வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். அத்தனையையும் துரத்த வேண்டாம். 2.53, 3.5 போன்ற எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) பதிப்புகளுக்கு ஓராண்டு வரை ஃபிக்ஸ் மட்டும் வரும். ஆள் குறைவான இடத்துக்கு அதுவே சரி. 2.x-லிருந்து 3-க்குப் போகிறவர்கள் நடுவில் 2.55-இல் நின்று சில நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. 3 எழுதிய டேட்டாவை 2.55-க்கு முந்தைய பதிப்புகளால் படிக்க முடியாது. அதற்கும் கீழே இறங்கினால் சேர்த்த டேட்டா போய்விடும்.

இதன் பெரிய தொல்லை ரீஸ்டார்ட்டில் இருக்கிறது. கடைசி 2, 3 மணி நேர டேட்டா மெமரியில்தான் இருக்கும். அதன் காப்பு 128 எம்பி துண்டுகளாக வால் (WAL, வரும் டேட்டாவை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேடு) ஃபோல்டரில் கிடக்கும். எழும்போது அதை முழுக்கத் திரும்ப வாசிக்கும். மெமரி போதாமல் விழுந்த சர்வர், வாசிக்கும்போதே மறுபடி மெமரி தீர்ந்து விழும். எழும், விழும், எழும், விழும். அப்போது மெமரி வரம்பைத் தற்காலிகமாக உயர்த்தி ஒரு முறை முழுதாக எழ விடுங்கள். பிறகு எந்த லேபிள் (அளவீட்டோடு ஒட்டும் பெயர்க்குறி) சீரிஸ் (தனித்தனி அளவீட்டு வரிசை) எண்ணிக்கையை ஊதிவிட்டது என்று தேடுங்கள். வால் ஃபோல்டரை அழித்தாலும் எழும். ஆனால் அந்தச் சில மணி நேர டேட்டா திரும்பாது.

விக்டோரியாமெட்ரிக்ஸில் வால் கிடையாது. மெமரியில் இருப்பதை இயல்பாக 5 நொடிக்கு ஒரு முறை டிஸ்கில் எழுதிவிடுவதால், மின்சாரம் போனால் அந்த நொடிகள்தான் நஷ்டம், எழுவதும் சட்டென்று. ரிலீஸ் குறிப்பில் எச்சரிக்கை இல்லாதவரை பல பதிப்புகளைத் தாண்டி ஏறலாம், இறங்கவும் செய்யலாம். சிக்னல் கொடுத்து முறையாக நிறுத்திவிட்டுப் புதிய பைனரியைப் போட்டால் வேலை முடிந்தது. பராமரிப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் டிஸ்கில் 20 சதவீதம் காலியாக விட்டே ஆக வேண்டும்; இல்லையென்றால் பின்னணியில் நடக்கும் மெர்ஜ் (சிறு ஃபைல்களை ஒன்றாக்குவது) திணறி, தேடல் மெதுவாகும்.

டைம்ஸ்கேல் என்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் இணைப்பு). அதில் பேக்கேஜை மாற்றினால் பாதி வேலைதான் ஆகிறது. ஒவ்வொரு டேட்டாபேஸிலும் நுழைந்து எக்ஸ்டென்ஷன் அப்டேட் கட்டளையைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த செஷனின் முதல் கட்டளையே அதுவாக இருக்க வேண்டும். அதற்கு முன் வேறு ஏதாவது ஓடியிருந்தால் பழைய பதிப்பு ஏற்கெனவே லோடாகிவிட்டது என்று எரர் வரும். போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லைத் தொடக்கக் கோப்பைப் படிக்காதபடி திறப்பதும் இதற்காகத்தான். அடுத்தடுத்த சிறு பதிப்புகளுக்கிடையே பொதுவாகப் பின்னோக்கி இறங்கலாம்; அதைத் தாண்டினால் பேக்கப்பிலிருந்து மீட்பதே வழி. போஸ்ட்கிரெஸ் தெரிந்த ஆள் குழுவில் இருந்து, டேபிள்களை இணைத்துக் கேள்வி கேட்க வேண்டியிருந்தால் இந்தச் சிரமம் தகும். வெறும் சர்வர் கண்காணிப்புக்கு வேண்டாம்.

பழைய டேட்டாவை நீக்குவதில் மூன்றுமே சொன்ன கணக்கைத் தாண்டித்தான் இடம் பிடிக்கும். விக்டோரியாமெட்ரிக்ஸ் டேட்டாவை மாதவாரியாகப் பிரித்து வைக்கிறது. 1 மாதம் என்று வைத்தால் ஜனவரி டேட்டா மார்ச் 1 அன்றுதான் போகும். டைம்ஸ்கேல் டேட்டாவைப் பிரித்து வைக்கும் சங்க் (துண்டு) இயல்பாக 7 நாள். 30 நாள் கேட்டால் 37 நாள் வரைக்கும் டிஸ்க் ஒதுக்குங்கள். டெலீட் கொடுத்து வரிகளை அழிக்க வேண்டாம், ஃபைல் சுருங்காது. சங்கையே டிராப் செய்யுங்கள். ப்ரோமிதியஸில் நாள் கணக்கோடு அளவு வரம்பும் வைக்கலாம். டிஸ்கில் 80 சதவீதத்துக்கு வைத்தால் போதும்.

அப்டேட்டுக்கு முன் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டா நிலை) எடுங்கள். ப்ரோமிதியஸ், விக்டோரியாமெட்ரிக்ஸ் இரண்டிலும் அது அதே டிஸ்கிலுள்ள ஹார்ட்லிங்க்தான் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்). வேறு இடத்துக்கு நகலெடுக்கும் வரை அது பேக்கப் ஆகாது. நகலெடுத்ததும் அழித்துவிடுங்கள். மறந்தால், மெர்ஜ் முடிந்த பழைய ஃபைல்களையும் அது பிடித்து வைத்துக்கொண்டு டிஸ்கை நிரப்பும்.