சம்பள ஒப்பந்தமா, பரிசுப் பணமா: விளையாட்டு வீரர்களுக்கு எது நியாயம்?

விளையாடுவதற்கு இவ்வளவு பணமா என்று கோபப்படுகிறவர்கள், அந்தப் பணம் சம்பள ஒப்பந்தம், பரிசுப் பணம் என இரண்டு வழிகளில் வருவதைக் கவனிப்பதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது?
ஒப்பந்தம்: ஒளிபரப்பு உரிமை, டிக்கெட், விளம்பரம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. சம்பளத்தைக் குறைத்தால் மிச்சம் அணி முதலாளியின் பைக்குத்தான் போகும். டிக்கெட் விலை தானாகக் குறைந்துவிடாது. அதனால்தான் பெரிய சம்பளத்தை என்னால் தவறு என்று சொல்ல முடியவில்லை.
பரிசு: போட்டி நடத்துபவர் தருவது. எந்தச் சுற்று வரை போகிறோமோ அதற்கேற்ற தொகை.

காயம் பட்டால்?
ஒப்பந்தம்: பேஸ்பால் வீரர் ஷோஹேய் ஓத்தானி 2023 டிசம்பரில் 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். முழங்கை அறுவை சிகிச்சையால் 2024 சீசனில் அவர் பந்து வீசவே இல்லை. பேட்டிங் மட்டும் செய்தார். ஒப்பந்தத் தொகை குறையவில்லை.
பரிசு: டென்னிஸில் பயிற்சியாளர், விமானம், தங்குமிடம் எல்லாம் பெரும்பாலும் வீரர் தலையில். முழங்கால் போனால் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. தரவரிசையில் கீழே இருப்பவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆண், பெண் சமத்துவம்?
ஒப்பந்தம்: இடைவெளி இன்னும் மிகப் பெரிது.
பரிசு: டென்னிஸில் யுஎஸ் ஓபன் 1973இலும் விம்பிள்டன் 2007இலும் சமப் பரிசுக்கு வந்துவிட்டன.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? உடம்பைப் பணயம் வைத்து ஆடும் குழு விளையாட்டுக்கு ஒப்பந்தம்தான் பொருந்தும். தனிநபர் விளையாட்டுக்குப் பரிசுப் பணம் சரி, ஆனால் முதல் சுற்றில் தோற்பவருக்கும் பயணச் செலவாவது தேற வேண்டும்.