மதுரையில் ஒரு பைக்காக அலைந்த கதை

ஆபரேஷனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இரைப்பையை முழுசாக எடுத்து, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்தார்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் முடிந்தது. நான் எழுத வந்தது ஒரு பையைப் பற்றி.

ஆறாம் நாள் காய்ச்சல், நாடித்துடிப்பு 120. வயிற்றுக்குள் தேங்கும் நீர் வெளியே வடியப் போட்டிருந்த டிரெயின் குழாயில் தண்ணி கலங்கலாக வந்தது. நீலச் சாயம் கலந்த தண்ணீர் ஒரு வாய் குடிக்கக் கொடுத்தார்கள்; கொஞ்ச நேரத்தில் டிரெயின் குழாயிலும் நீலம். தையலில் கசிவு. அன்று சாயங்காலமே சி.டி. ஸ்கேன். நான் இருக்கும் லண்டனிலும் வார்டில் இருப்பவருக்கு உடனே எடுப்பார்கள்தான், ஆனால் முதலில் கவுண்டர் ரசீதைக் காட்டச் சொல்ல மாட்டார்கள்.

"நல்லா வடியுது, மறுபடி திறக்க வேண்டாம். தானா அடையும், வாரக்கணக்காகும்" என்றார் டாக்டர். வாய்வழி எதுவும் கிடையாது. ஆன்டிபயாட்டிக், சிறுகுடலில் போட்ட குழாய் வழியாகத் திரவ உணவு. அதுவரை சரி.

அன்று ராத்திரி டிரெயினைச் சுற்றியே வழிய ஆரம்பித்தது. பித்தநீரும் கணையநீரும் கலந்த தண்ணி தோலில் பட்டால் சும்மா விடுமா? சுட்ட மாதிரி சிவந்துவிட்டது. காஸ் துணி வைப்பார்கள், ஒரு மணி நேரத்தில் நனையும். "காஸ் தீர்ந்திருச்சு சார், சீட்டு எழுதித் தரேன்." லிஃப்ட், மெடிக்கல், பில், மறுபடி லிஃப்ட். நாலு தடவை. வயிற்றில் போட்ட துவாரம் வழியாக மலம் போகிறவர்களுக்குத் தோலில் ஒட்டும் ஸ்டோமா பையை இங்கேயும் ஒட்டலாமே, வடிவதை அது பிடித்துக்கொள்ளுமே என்றேன். "அது மோஷன் போறவங்களுக்கு சார்!" லண்டன் என்றால் இதற்கென்றே ஒரு ஸ்டோமா நர்ஸ் பெட்டியோடு வந்து நிற்பார். இங்கே நர்ஸும் நானே, ஸ்டோர் கீப்பரும் நானே.

காலையில் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரி எதிரே பனகல் ரோடு போனேன். மூன்றாவது கடையில் பை கிடைத்தது. அப்பாவுக்கு இப்போது பயன்படாத இட்லியோடு சித்தி வந்திருந்தார். "நீயாவது சாப்பிடுடா" என்று தூக்குச்சட்டியைத் திறந்தபோது, லண்டனில் இப்படி யார் வருவார்கள் என்று தோன்றியது. ஆனால் பையை ஒட்ட ஆள் இல்லை.

ராத்திரி டியூட்டிக்கு அரசு ஆஸ்பத்திரியில் ரிட்டயர் ஆன ஒரு சிஸ்டர் வந்தார். தோலைத் துடைத்து உலர விட்டார், பவுடர் தூவினார், பையின் ஒட்டும் தகட்டில் அளவு பார்த்து ஓட்டை வெட்டினார். "பெருசா வெட்டினா தோல் வெந்துரும் தம்பி." பேஸ்ட் தடவி, தகட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி ஒட்டினார். குழாயைப் பையின் ஓரமாக வெளியே எடுத்துப் பிளாஸ்திரி போட்டார். பத்தே நிமிடம். விடியும்போது பையில் 180 மில்லி. "காஸ்ல ஊறினதை எப்படிப்பா அளப்பீங்க?" என்று சிரித்தார். அப்பா அன்றுதான் தூங்கினார்.

எட்டு மணிக்கு டியூட்டி மாறியது. புது சிஸ்டர் கையில் காஸோடு வந்து, "யார் சார் இதை ஒட்டினது?" என்று ஓரத்தைப் பிரிக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். பிறகு மார்க்கர் வாங்கி வந்து பையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதினேன்: பிரிக்காதீங்க.