"போர்டு போச்சு" என்றால் நம்பலாமா? பழைய கம்ப்யூட்டர் தையல் மெஷினுக்கு நான்கு வழிகள்

பழைய கம்ப்யூட்டர் தையல் மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "போர்டு போச்சு, பார்ட்ஸ் கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க." உண்மையில் வழி நான்கு இருக்கிறது: உள்ளே சுத்தம் செய்வது, போர்டில் (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை) கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுவது, முழு போர்டையே மாற்றுவது, புதிதாக ஒரு மெக்கானிக்கல் ஜிக்ஜாக் மெஷின் வாங்குவது. லைட் எரிந்து தையல் மட்டும் கோணல்மாணலாக வருகிறதென்றால், என் ஓட்டு முதல் வழிக்குத்தான்.

பெரும்பாலான மாடல்களில் ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்த, சின்னச் சின்ன அடியாக நகரும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார், துணியை இழுக்கும் பல்லுக்கு இன்னொன்று. எத்தனை அடி நகரச் சொன்னோம் என்பது போர்டுக்குத் தெரியும். மோட்டார் நகர்ந்ததா என்பது தெரியாது. வருடக்கணக்கில் கிடந்த கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிவிட்டால் தண்டு சிக்கும், மோட்டார் அடி தவறும். ஊசி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டில் போய் இடிக்கும், காஜாவில் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவெளியாகவும் விழும். பார்ப்பவர்கள் பழியைப் போர்டு மேல் போட்டுவிடுகிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி, ஊசித் தண்டை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். லேசாக நகராமல் சிக்கினால் காரணம் அதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து மூட்டுகளில் பழைய பிசுக்கை எடுத்துவிட்டு, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசினாகும். மேல் தண்டில் துளையிட்ட சிறு தட்டு ஒன்று ஒளி சென்சாருக்கு நடுவே சுழலும். அங்கே பஞ்சு அடைத்தால் ஊசி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மெஷினுக்குத் தெரியாமல் எரர் காட்டி நிற்கும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இவ்வளவுக்கும் செலவு பாட்டில் விலைதான்.

லைட்டே வரவில்லையென்றால் கதை வேறு. ஃபியூஸ், உப்பிய கண்டன்சர், பெடல் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் மெஷினையோ அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெஷினையோ நம் 230-இல் நேராகச் செருகியிருந்தால், அடி வாங்குவது முதலில் பவர் பகுதிதான். கண்டன்சர் சில ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆபத்துதான் பெரிது: மின்சாரத்தை நேராக டிசி ஆக்கும் போர்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரும் சாலிடரிங்கும் பழகாதவர்கள் இதை டிவி, இன்வெர்ட்டர் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

முழு போர்டு மாற்றுவதை நான்கில் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். தையல் வடிவத்தைத் தீர்மானிக்கும் கேம் என்ற மேடுபள்ளச் சக்கரத்துக்குப் பதில் சிப் என்ற மாற்றம் 1975-இல் சிங்கர் அத்தீனா 2000-இல் தொடங்கியது; அதன் பிறகு ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கென்றே புரோகிராம் எழுதிய சிப். அது தனியாக விற்பனைக்கு வராது. அதே மாடலில், உடம்பு உடைந்த மெஷின் மலிவாகக் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். மாட்டிய பிறகு ஊசி நடுவில் விழுகிறதா, காஜா சமமாக வருகிறதா என்று செட் செய்ய வேண்டிவரும். சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

புது மெக்கானிக்கல்? நேர்த்தையல், சேலைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது மட்டும்தான் வேலை என்றால் தாராளமாக வாங்கலாம். பழுதானாலும் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு சட்டைக்கு ஏழு காஜா. கம்ப்யூட்டர் மெஷின் முதல் காஜாவின் நீளத்தை நினைவில் வைத்து, மீதி ஆறையும் அதே அளவில் போட்டுத் தரும். சாதாரண மெக்கானிக்கலில் ஒவ்வொன்றுக்கும் டயலைத் திருப்பித் திருப்பி, கண்ணால் அளந்துதான் போட வேண்டும். சட்டை தைக்கிறவர்கள் பழைய மெஷினை எடைக்குப் போடும் முன் அந்த மூடியை ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.