கிண்ணத்தின் அடியில் மிஞ்சுவது: ஆசிய சூப்புகளுடன் 12 ஆண்டுகள்

கடந்த 12 ஆண்டுகளாக எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சீன, தாய்லாந்து, வியட்நாமிய, ஜப்பானிய, கொரிய உணவு தரும் உணவகம் எதில் போய் அமர்ந்தாலும், உடன் வந்தவர்கள் உணவுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே நான் சூப்பைச் சொல்லிவிடுவேன். தொடக்க ஆண்டுகளில் முதல் வாயிலேயே தீர்ப்பும் சொல்லிவிடுவேன். அந்தத் தீர்ப்புகளில் பாதி தவறு என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஆவி பறக்க வரும் சூப்பில் சூடும் மணமும் முன்னே நிற்பதால், நாக்கு சுவையைச் சரியாகப் பிரித்தறிவதில்லை. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மீதமிருந்து, சூடும் பாதியாகக் குறைந்திருக்கும் நேரத்தில்தான் சமையற்காரர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பது வெளியே வரும். ஆகவே இப்போதெல்லாம் அந்தக் கடைசிப் பத்து வாய்களைக் கொண்டுதான் ஒரு சூப்பை மதிப்பிடுகிறேன்.

பலரையும் போல நானும் தொடங்கியது சீன ஹாட் அண்ட் சோர் சூப்பில்தான். அதன் காரம் மிளகாயிலிருந்து வருவது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். முறையாகச் செய்தால் அந்தக் காரம் வெள்ளை மிளகினுடையது, புளிப்பு அரிசியிலிருந்து எடுக்கும் கருநிற வினிகருடையது. மிளகின் காரம் தொண்டையில் இதமாக இறங்குகிறது. மிளகாய் சாஸை ஊற்றிச் சிவப்பாக்கிய சூப் உதட்டிலேயே எரிந்து அங்கேயே நின்றுவிடுகிறது. வினிகரைக் கடைசியில், அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் சேர்க்க வேண்டும், ஏனெனில் கொதிக்கக் கொதிக்க அதன் மணம் ஆவியோடு போய்விடும். கருங்காளான், டோஃபு, இழை இழையாக ஓடும் முட்டை ஆகியவற்றைத் தாங்கி நிற்பது சோளமாவின் கெட்டித்தன்மைதான்.

இந்தச் சோளமாவு ஒருமுறை என்னை வீண் சண்டைக்கு இழுத்துச் சென்றது. நானும் என் அக்காவும் ஒரே நேரத்தில் ஒரே சூப்பை வாங்கினோம். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு பார்த்தால் அவளுடைய சூப் வந்தபோது இருந்ததைப் போலவே கெட்டியாக இருந்தது, என்னுடையதோ வெறும் தண்ணீராக ஓடியது. பரிமாறுபவரை அழைத்து முறையிட்டேன், அவரும் வருத்தம் தெரிவித்து வேறு கிண்ணம் கொண்டுவந்தார். அதுவும் நீர்த்தது. குற்றவாளி என் ஸ்பூன் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளைச் சிதைக்கக்கூடியது. வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டுத் துழாவியபடி பேசிக்கொண்டிருந்தவன் நான். அக்கா ஒரு சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடித்திருந்தாள். அந்த உணவகத்திடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்து என்னை ஆட்கொண்டது தாய்லாந்தின் டோம் யம். இறால் சேர்த்துச் செய்யும் டோம் யம் குங், 2024இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. எலுமிச்சைப்புல், பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சையின் இலை ஆகிய மூன்றும் அதன் உயிர். இவை மணம் தருவதற்காகப் போடப்படுபவை, மெல்லுவதற்காக அல்ல. இதை யாரும் சொல்லித்தராததால், முதல் நாள் தட்டையாக வெட்டியிருந்த பேரரத்தைத் துண்டைக் கிழங்கு என்று நம்பி நன்றாகக் கடித்தேன். மரப்பட்டையைச் சாறோடு மென்றது போலிருந்தது. துப்புவதற்கு வெட்கப்பட்டு விழுங்கியும் விட்டேன்.

டோம் யம்மில் தெளிவானது ஒன்று, ஆவியில் சுண்டவைத்த டின் பாலும் வறுத்த மிளகாய் விழுதும் சேர்த்து வெளுப்பான ஆரஞ்சு நிறத்தில் வருவது ஒன்று என இரண்டு வகை உண்டு. என் ஓட்டு தெளிவானதற்கே. பால் சேர்த்தது முதல் வாயில் மயக்கும், ஆனால் ஆறியதும் பாலின் இனிப்பு மேலெழுந்து புளிப்பை அமுக்கிவிடும். தெளிவானதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு பிழிந்தார்களா, கொதிக்கும்போதே ஊற்றினார்களா என்பது கடைசிப் பத்து வாய்களில் அப்பட்டமாகத் தெரியும். நான் மூன்று ஆண்டுகள் விடாமல் போய்வந்த ஓர் உணவகத்தில், சமையற்காரர் மாறிய பிறகு சூப்பின் அடியில் ஒரு மெல்லிய கசப்பு தங்கத் தொடங்கியது. பிழிந்த எலுமிச்சைத் தோலையும் சேர்த்தே கொதிக்க விடுகிறார்கள் என்பது கிண்ணத்துக்குள் தோல் கிடந்ததைப் பார்த்தபோது தெரிந்தது. இருமுறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை சொல்வதற்குப் போகவில்லை.

வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான ஃபோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசிப் பத்து வாய் என்னும் அளவுகோலை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். மாட்டெலும்புகளை முதலில் ஒரு கொதி விட்டு, அந்தக் கலங்கிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் மணிக்கணக்காக மெல்லிய தீயில் வைத்து, மிதக்கும் நுரையை எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அந்தக் கண்ணாடித் தெளிவு கிடைக்கும். இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் சுட்டுக் கருக்கிப் போடுவார்கள்; அன்னாசிப்பூவும் பட்டையும் சேரும்; உப்புச் சுவைக்கு மீன் சாஸ். இவ்வளவும் செய்த சாற்றில் இறைச்சி மணம், சுட்ட இஞ்சி மணம், அன்னாசிப்பூவின் இனிய மணம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவசர உணவகத்தில் அன்னாசிப்பூ மட்டும் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

வட வியட்நாமில் பிறந்த இந்த உணவு, 1954இல் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது தெற்கே குடிபெயர்ந்தவர்களோடு பெருமளவில் சைகோனுக்குச் சென்றது. ஹனோய் பாணியில் சாறு எளிமையானது, மேலே வெங்காயத்தாள் இருக்கும், அவ்வளவுதான். தெற்கத்திய பாணியில் சாறு சற்று இனிப்பு. கூடவே ஒரு தட்டு நிறைய முளைகட்டிய பயறு, துளசி வகைக் கீரை, எலுமிச்சைத் துண்டு, மிளகாய், இன்னும் ஹோய்சின் சாஸ் எல்லாம் வரும். அந்தத் தட்டைக் கண்டதும் அனைத்தையும் கிண்ணத்தில் கொட்டிவிடும் அவசரம் எனக்கும் இருந்தது. இப்போது சாற்றை மட்டும் நாலு வாய் குடித்த பிறகே கீரையைக் கிள்ளிப் போடுகிறேன். ஹோய்சினைக் கிண்ணத்தில் ஊற்றுவதே இல்லை. சிறு தட்டில் விட்டு இறைச்சியைத் தொட்டுக்கொள்கிறேன். யாரோ பத்து மணி நேரம் நின்று செய்த சாற்றை இனிப்பு சாஸால் மூடுவது எனக்கு என்னவோ போலிருக்கிறது.

ஃபோவில் பச்சை இறைச்சியை மெல்லிய வில்லைகளாகச் சீவி மேலே வைத்து, கொதிக்கும் சாற்றை ஊற்றி அந்தச் சூட்டிலேயே வேகவிடுவது வழக்கம். நான் போன ஓர் உணவகத்தில் சாறு வெதுவெதுப்பாகவே வந்ததால் வில்லைகள் கடைசிவரை சிவப்பாகவே கிடந்தன. நூடுல்ஸும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாக எழுந்து வந்தது. இதற்கு நேர்மாறான நல்ல அனுபவம் வேறோர் இடத்தில் வாய்த்தது. சாறு ஆறிய பிறகு என் உதடுகள் இரண்டும் இலேசாக ஒட்டிக்கொண்டன. மீதியைப் பொட்டலமாக வாங்கி வந்து குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால் டப்பாவைச் சாய்த்தாலும் அசையாமல் ஜெல்லியாக உறைந்திருந்தது. எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் நெடுநேரம் வெந்து ஜெலட்டினாக மாறியதன் அடையாளம் அது. பொடியைக் கரைத்த சாறு இப்படி உறைவதில்லை.

ஜப்பானின் நூடுல்ஸ் சூப்பான ராமென் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. கியூஷூ தீவின் டொன்கொட்சு வகையில் பன்றி எலும்பைப் பெருந்தீயில் கொதகொதவென்று கொதிக்கவிடுவார்கள். கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாற்றோடு இரண்டறக் கலந்து பால்போல் வெளுத்துவிடும். பரிமாறும்போது முதலில் கிண்ணத்தின் அடியில் தாரே எனப்படும் உப்புக் கரைசலை விட்டு, அதன்மேல் சாற்றை ஊற்றுகிறார்கள். ஆகவே நன்றாகக் கலக்காத உணவகத்தில் கடைசி வாய்கள் வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கும். ராமெனின் சாற்றை முழுதும் குடித்தே ஆக வேண்டும் என்ற வீம்பை நான் விட்டுவிட்டேன். நூடுல்ஸ் மாவில் சோடா உப்பைப் போல் காரத்தன்மையுள்ள கன்சுய் சேர்ப்பதால் ஒரு மஞ்சள் நிறமும் இழுவையும் வருகின்றன, ஆனால் சூட்டில் ஊற ஊற அந்த இழுவை போய்விடும். கியூஷூவின் ஹகாட்டா பகுதிப் பாணியின் மெல்லிய நூடுல்ஸ் மிக விரைவில் குழைவதால்தான், முதலில் அளவாகத் தந்து, பிறகு கேட்டால் தனியாக ஒரு பிடி கொண்டுவந்து மீதிச் சாற்றில் போடும் காயெடமா என்னும் ஏற்பாடு வந்தது. படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஏற்ற உணவு இது அல்ல.

அக்கா சைவம் என்பதால், சோயா விழுதில் செய்யும் ஜப்பானின் மிசோ சூப்பில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. "வெறும் டோஃபுவும் கடற்பாசியும்தான், நீ தாராளமாகக் குடிக்கலாம் அக்கா" என்று பல மாதங்கள் உறுதி சொல்லிவந்தேன். அந்தச் சூப்பின் அடிப்படையான டாஷி என்னும் சாறு, பெரும்பாலும் உலர்த்திப் புகையூட்டிய மீனைச் சீவி ஊறவைத்து எடுக்கப்படுவது என்று எனக்குத் தெரியாது. அவளே ஒருநாள் பரிமாறுபவரிடம் துருவிக் கேட்டு அறிந்துகொண்டாள். என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. டோம் யம்மிலும் ஃபோவிலும் மீன் சாஸ், மிளகாய் விழுதில் உலர்ந்த இறால் என்று இதே சிக்கல் எங்கும் உண்டு. ஆகவே சைவர்கள் "இதில் காய்கறிதானே?" என்று கேட்பதைவிட, "சாறு எதிலிருந்து எடுத்தது, மீன் சாஸ் உண்டா?" என்று கேட்பது நல்லது. கொம்பு என்னும் கடற்பாசியையும் உலர்ந்த ஷிட்டாகே காளானையும் ஊறவைத்து எடுக்கும் சைவ டாஷியும் ஜப்பானில் உண்டு. கேட்டால் சில உணவகங்களில் செய்து தருகிறார்கள்.

அந்தக் கொம்புப் பாசியிலிருந்துதான் 1908இல் டோக்கியோவின் வேதியியல் பேராசிரியர் கிகுனாயே இகேடா குளூட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அதன் உப்பு வடிவம் அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968இல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதத்துக்குப் பிறகு சீன உணவகம் என்றாலே, உடல் உபாதை வரும் என்று இந்த உப்பை அஞ்சும் வழக்கம் பரவியது. பின்னர் நடந்த கட்டுப்பாடான ஆய்வுகளில் வழக்கமான அளவில் உண்பவர்களிடம் அந்த உபாதைகள் சீராகத் தென்படவில்லை. எனக்கு அதனிடம் பயமில்லை, சலிப்புதான் உண்டு. சாறு காய்ச்சாமல் அதை மட்டும் நம்பும் சூப் முதல் வாயில் நிறைவாகத் தோன்றி, நடுக்கிண்ணத்தில் ஒரே சுருதியில் நின்று, முடிவில் தாகத்தை மட்டும் விட்டுச்செல்கிறது.

கொரியாவின் சொல்லொங்டாங்கை முதன்முதலில் குடித்தபோது உப்பே இல்லையென்று முகம் சுளித்தேன். மாட்டெலும்பை வெகுநேரம் காய்ச்சிய அந்த வெண்ணிறச் சாறு உப்பில்லாமல்தான் வரும். மேசைமேல் இருக்கும் உப்பையும் வெங்காயத்தாளையும் உண்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். கால் ஸ்பூன் உப்பு, கலக்கு, ஒரு வாய். இன்னும் கொஞ்சம், மறுபடி ஒரு வாய் என்று போகும்போது, அதுவரை ஒளிந்திருந்த எலும்பின் சுவை எந்த இடத்தில் எழுந்து வருகிறது என்பதை நாக்கிலேயே பார்க்கலாம். இந்த ஒரு கிண்ணத்தை மட்டும் நான் குறை சொன்னதில்லை. உப்பு கூடினால் தப்பு என்னுடையது.

மலேசியப் பக்கத்து நூடுல்ஸ் சூப்பான லக்சாவில் தேங்காய்ப்பால் வகை ஆறியதும் மேலே எண்ணெய்ப் படலம் கட்டித் திகட்டுகிறது. பினாங்கின் அசம் லக்சா, புளியும் மீனும் சேர்ந்தது என்பதால், ஆறினாலும் சோர்வதில்லை. தேங்காய்ப்பால் வகையைப் பாதிக் கிண்ணமாகத் தரும் உணவகம் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவற்றில் நான் விடாமல் வாங்குவது ஷாங்காய் பக்கத்துச் சூப் கொழுக்கட்டையான ஷியாவ்லொங்பாவ். உள்ளே சூப்பை எப்படி ஊற்றினார்கள் என்று வியந்ததுண்டு. பன்றித்தோல் சாற்றை ஜெல்லியாக உறையவைத்து இறைச்சியோடு பிசைந்து மடித்து, ஆவியில் வேகவைக்கும்போது அது உருகிச் சூப்பாகிறது. ஸ்பூனில் வைத்து, ஓரத்தில் சிறு துளை கடித்து, சாற்றை உறிஞ்சிய பிறகே வாயில் போட வேண்டும். முழுதாகப் போட்டு மேலண்ணத்தைச் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன். கொரியாவின் கலவைச் சோறான கற்சட்டிப் பிபிம்பாப் வந்ததும் கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டால் அடிச்சோறு பொன்னிறமாக முறுகும். தாய்லாந்தின் வறுத்த நூடுல்ஸான பாட் தாயைப் பெரும்பாலான இடங்களில் சர்க்கரை கெடுத்துவைத்திருக்கிறது. ஃப்ரைட் ரைஸைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. முதல்நாள் சோறும் நெருப்பின் புகைமணமும் இருந்தால் போதும்.

பொட்டலமாக வாங்குவதில் ஒரு விதி வைத்திருக்கிறேன். நூடுல்ஸும் சாறும் தனித்தனியாகக் கட்டித் தராத இடத்தில் வாங்குவதில்லை. வீட்டில் சாற்றைத் தளதளவென்று கொதிக்கவைத்து, நூடுல்ஸை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி வடித்து, கிண்ணத்தையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டு பிறகுதான் சேர்ப்பேன். எலுமிச்சைத் துண்டை முதலில் தொடமாட்டேன். மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும்போது ஒரு பாதியைப் பிழிந்துவிட்டு, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, கிண்ணத்தையே தூக்கிக் குடிப்பேன்.